அது பூட்டு இல்லை டீச்சர்

அன்புள்ள ஐயா,
பசி ஹார்மோனான கிரெலின் ஒரு சாவி, மூளைச் செல்லில் உள்ள ஏற்பி அதற்கான பூட்டு என்று படித்தேன். காலை எட்டு மணிக்கு வயிறாரச் சாப்பிட்டும் பதினோரு மணிக்கு ஸ்டாஃப் ரூமில் வர்க்கி டப்பாவைத் தேடுகிறேன். பூட்டை அடைக்க மாத்திரை உண்டா? எனக்கு மனக்கட்டுப்பாடுதான் போதவில்லையா?
ம., கோத்தகிரி

அன்புள்ள ம.,

மாத்திரையை டாக்டரிடம் கேளுங்கள். பதினோரு மணி பெரிய விஷயமில்லை. வழக்கமாகத் தின்னும் நேரம் நெருங்கினாலே கிரெலின் ஏறும், பழக்கியது நீங்கள்தான். ஆனால் அந்தப் பூட்டு உவமையைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தொலைக்காதீர்கள்.

பூட்டு என்றால் சாவி வரும்வரை சும்மா கிடக்க வேண்டும். செல் சவ்வை ஏழு சுருள்களாக ஊடுருவி நிற்கும் இந்த ஏற்பிப் புரதம் சும்மா கிடப்பதில்லை. கிரெலினே இல்லாதபோதும், தன் முழு வேகத்தில் ஏறக்குறைய பாதிக்கு உள்ளே சேதி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ஏற்பியைக் கண்டுபிடித்தது 1996இல். ஜப்பானிய ஆய்வாளர்கள் கோஜிமாவும் கங்காவாவும் எலியின் இரைப்பையில் கிரெலினைப் பிடித்தது 1999இல்தான்.

குன்னூருக்குக் கீழே ஓர் எஸ்டேட் லைன் வீட்டில் வளர்ந்தவன் நான். ஐப்பசி மழையில் மரம் ஊதி, கதவு நிலையில் உட்காராது. அரை விரல் சந்தில் குளிர் வந்துகொண்டே இருக்கும். கொழுந்து எடை போட்டுவிட்டு வரும் அம்மா தோளால் ஓர் இடி இடிப்பாள், முழுக்கத் திறக்கும்.

கிரெலின் செய்வது அந்தத் தோள் வேலை. 28 அமினோ அமிலங்கள். மூன்றாவதில் எட்டு கார்பன் கொண்ட ஒரு கொழுப்பு வால். தேங்காய் எண்ணெயிலும் இருக்கிற கொழுப்பு அமிலம்தான். அதை ஒட்டவைக்க வயிற்றில் தனி நொதியே உண்டு. வால் இல்லாத கிரெலினுக்கு ஏற்பி அசைந்து கொடுக்காது. வாலோடு முன்பகுதி குழிக்குள் இறங்கினால் சுருள்கள் நகர்ந்து, செல்லின் உட்பக்கம் விரியும். அங்கே, சேதியைச் செல்லுக்குள் கடத்தும் ஜி-புரதம் வந்து பற்றிக்கொள்ளும். அப்புறம்தான் பசி.

மனக்கட்டுப்பாடு என்று இன்னொரு முறை எழுதினால் பதில் போட மாட்டேன். எடை போடும் இடத்தில் ஒரு கணக்கர் இருந்தார். பதினொன்றுக்கு யாராவது தூக்குவாளியைத் திறந்தால், "எந்நேரமும் உங்களுக்கு வயிறுதானா?" என்பார். அம்மா மூடியைத் திரும்ப அழுத்திவிடுவாள். இன்று அந்த ஆள் கிடைத்தால் ஏழு சுருளையும் வரைந்து காட்டுவேன்.

கதவை அடைக்கவும் உடம்பில் ஒன்று உண்டு. கல்லீரலும் சிறுகுடலும் சுரக்கும் லீப்2 என்ற ஹார்மோன். அது கிரெலினைத் தடுப்பதோடு, அந்த அரை விரல் சந்தையும் மூடப் பார்க்கிறது. சாப்பிட்ட உடம்பில் கூடும், பட்டினியில் குறையும். அதனால் காலைச் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். எங்கள் அம்மாவும் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் ஈரச் சாக்கைச் சுருட்டிக் கதவடியில் திணிப்பாள்.