யூடிபி பாக்கெட்டுகள் தொலைகின்றன. கர்னலை ஓரங்கட்டிவிட்டு டிபிடிகேவுக்குப் போய்விடலாமா?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இதுதான்: 10 ஜிபிபிஎஸ் (வினாடிக்கு 1,000 கோடி பிட்) நெட்வொர்க் கார்டு போட்ட லினக்ஸ் சர்வர், யூடிபியில் (போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் அனுப்பும் முறை) சின்னச் சின்ன பாக்கெட்டுகள், கார்டின் கொள்ளளவில் கால்வாசியைக்கூடத் தொடாதபோதே இழப்பு. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் அப்ளிகேஷன் கர்னலுக்குள் (லினக்ஸின் மையப்பகுதி) போய்வருவதுதான் நேரத்தைத் தின்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கர்னலை விட்டுவிட்டு அப்ளிகேஷனே கார்டை நேரடியாக ஓட்டும் டிபிடிகேவில் மாற்றி எழுதலாமா, கர்னலே குறுக்குவழியில் பாக்கெட்டைக் கொடுக்கும் ஏஎஃப்-எக்ஸ்டிபி போதுமா என்று கேட்கிறீர்கள்.

அந்த ‘யாரோ’ அநேகமாகக் கையில் ஸ்லைடு வைத்திருந்திருப்பார். எனக்கும் அப்படி ஒருவர் வாய்த்தார். அதனால்தான் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

டிபிடிகேவை வைத்துச் சோறு தின்கிறவர்கள் இதைப் படித்துக் கோபப்பட வேண்டாம். 10 ஜிபிபிஎஸ் லைனில் 64 பைட் ஃப்ரேம்கள் முழு வேகத்தில் வந்தால் வினாடிக்கு 1.488 கோடி பாக்கெட். ஒரு பாக்கெட்டுக்குக் கிடைப்பது 67.2 நானோ வினாடி. 3 கிகாஹெர்ட்ஸ் கோருக்கு அது சுமார் 200 சைக்கிள். அதற்குள் எஸ்கே-பஃப் (பாக்கெட்டைச் சுமக்கும் கர்னலின் உறை) ஒதுக்கி, நெட்ஃபில்டர் (கர்னலின் ஃபயர்வால்) வழியாக அனுப்பி, சாக்கெட்டை (அப்ளிகேஷன் பாக்கெட் வாங்கும் வாசல்) தேடி, த்ரெட்டை எழுப்புவது நடக்கிற காரியம் இல்லை. 5ஜி யூபிஎஃப் (மொபைல் டேட்டாவைக் கடத்தும் பகுதி), சாஃப்ட்வேர் ரவுட்டர், டிடாஸ் தாக்குதல் தடுப்பு என்று வேலை செய்கிறவர்களுக்கு டிபிடிகே தேவைதான். நான் பேசுவது வினாடிக்குச் சில லட்சம் பாக்கெட்டிலேயே மூச்சுத் திணறும் நம்மைப் போன்றவர்களைப் பற்றி. உங்களுடையதும் அந்த ரகம் என்றுதான் நினைக்கிறேன்.

நான் வேலை பார்த்த இடத்தில் வாய்ஸ் கால்களுக்கு ஒரு மீடியா ரிலே (குரல் பாக்கெட்டை ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் தள்ளும் சர்வர்) ஓடியது. ஒரு பக்கம் கேரியரின் (டெலிபோன் கம்பெனியின்) கேட்வே, மறுபக்கம் எங்கள் ஐவிஆர் (‘ஒன்றை அழுத்தவும்’ என்று பேசும்) சர்வர், நடுவில் ரிலே. ஜி.711 கோடெக்கில் (குரலை டிஜிட்டலாக்கும் முறை) 20 மில்லி வினாடிக்கு ஒரு பாக்கெட். குரல் 160 பைட், ஆர்டிபி ஹெடர் 12, யூடிபி 8, ஐபி 20, ஆக 200 பைட். ஒரு காலுக்கு ஒரு திசையில் வினாடிக்கு 50 பாக்கெட். ரிலேவுக்கு இரண்டு பக்கமிருந்தும் வரும் என்பதால் 100. ஒரே நேரத்தில் 5,000 கால் ஓடினால் வினாடிக்கு 5 லட்சம் உள்ளே, அதே 5 லட்சம் வெளியே. பிட் கணக்கில் இது ஒரு திசைக்கு ஒரு ஜிபிபிஎஸ்கூடத் தேறாது. மானிட்டரிங் கிராஃபைப் பார்த்தால் கார்டு தூங்கிக்கொண்டிருக்கும். சாயங்கால நெருக்கடியில் மட்டும் குரல் கரகரத்து, பாதி வார்த்தை காணாமல் போகும். ரெக்கார்டிங்கைக் கேட்டால் பாதி நேரம் ‘ஹலோ, கேக்குதா?’தான்.

வெளியிலிருந்து ஓர் ஆலோசகரை அழைத்துவந்தார்கள். சர்வரில் லாகின் செய்வதற்கு முன்பே தீர்வு அவர் ஸ்லைடில் இருந்தது: கர்னலைத் தாண்டிப் போக வேண்டும், கார்டு மாற்ற வேண்டும், ரிலேவை முழுக்க டிபிடிகேவில் எழுத வேண்டும். சிஸ்டம் கால், அதாவது அப்ளிகேஷன் கர்னலை அழைப்பது, எவ்வளவு கொடுமையானது என்பதற்கே நாலு ஸ்லைடு. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன் வெளியாகி, அதற்கான பேட்ச் வந்தபிறகு பழைய இன்டெல் சிப்களில் சிஸ்டம் காலின் விலை ஏறியது உண்மை. அதையும் சொன்னார். எங்கள் சர்வரில் பாக்கெட் எந்த இடத்தில் விழுகிறது என்பதை மட்டும் சொல்லவில்லை.

இந்த மாதிரி சர்வரில் பாக்கெட் பெரும்பாலும் இரண்டு இடத்தில் விழும். கார்டின் ரிங்கிலிருந்து (வந்த பாக்கெட் காத்திருக்கும் வரிசை) கர்னல் நேரத்துக்கு அள்ளாவிட்டால் கார்டிலேயே விழும். கார்டின் நிலையைக் காட்டும் ஈத்டூல் கமாண்டைப் பெரிய எழுத்து எஸ் கொடியோடு ஓட்டினால் வரும் நீண்ட பட்டியலில் ‘மிஸ்டு’ என்றோ ‘நோ பஃபர்’ என்றோ ஏறிக்கொண்டிருக்கும். கர்னல் அள்ளிவிட்டது, அப்ளிகேஷன்தான் எடுக்கவில்லை என்றால் சாக்கெட் பஃபரில் விழும். நெட்ஸ்டாட்டில் யூடிபி பகுதியில் ‘ரிசீவ் பஃபர் எரர்ஸ்’ ஏறும். இரண்டுக்கும் நடுவில் கர்னல் திணறுகிறதா என்று தெரிய ப்ராக் டைரக்டரியில் சாஃப்ட்நெட்-ஸ்டாட் என்ற ஃபைல் இருக்கிறது. கோருக்கு ஒரு வரி, எல்லாம் ஹெக்ஸாடெசிமல். மூன்றாவது பத்தியில் (நெடுவரிசையில்) உள்ள எண் ஏறினால், ஒரு சுற்றில் 300 பாக்கெட் என்கிற வழக்கமான ஒதுக்கீடோ அதற்கான நேரமோ தீர்ந்துபோய், வேலை மிச்சமிருக்கும்போதே கர்னல் கையை எடுத்துவிட்டது என்று அர்த்தம்.

எங்கள் டீமில் இருந்த ஒரு தம்பியும் நானும் நெருக்கடி நேரத்தில் இதையெல்லாம் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். சாக்கெட் பக்கம் சுத்தம், ஒரு பிழைகூட ஏறவில்லை. கார்டு பக்கம் எண் எகிறிக்கொண்டிருந்தது. டாப் கமாண்டில் 1 என்ற விசையை அழுத்திக் கோர்களைப் பிரித்துப் பார்த்தால், 16 கோரில் ஒன்று மட்டும் சாஃப்ட் இன்டரப்டில் (கர்னல் பாக்கெட் அள்ளும் வேலை) நூறு சதவீதம். மற்ற பதினைந்தும் சும்மா இருந்தன. சாஃப்ட்நெட்-ஸ்டாட்டிலும் ஒரே வரியில்தான் மூன்றாவது பத்தி ஓடியது. அப்ளிகேஷனுக்கும் கர்னலுக்கும் நடுவே எந்தத் தகராறும் இல்லை. பாக்கெட் அந்த எல்லை வரைக்கும் வரவே இல்லை.

காரணம் ஆர்எஸ்எஸ், அதாவது வரும் பாக்கெட்டுகளைக் கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் கார்டின் வசதி. கார்டில் 16 க்யூ இருக்கும். எந்த பாக்கெட் எந்த க்யூவுக்குப் போக வேண்டும் என்பதைக் கார்டே ஒரு ஹாஷ் (பாக்கெட்டின் முகவரியிலிருந்து கணக்கிடும் எண்) போட்டு முடிவு செய்யும். டிசிபிக்கு ஐபி முகவரிகளோடு போர்ட் எண்களையும் சேர்த்து ஹாஷ் போடும். யூடிபிக்கு, பல டிரைவர்களில், ஐபி முகவரிகளை மட்டும்தான் பார்க்கும். எங்களுக்கு வந்ததெல்லாம் இரண்டே முகவரிகளிலிருந்து: கேரியர் கேட்வே ஒன்று, ஐவிஆர் ஒன்று. கெட்ட நேரம், இரண்டும் ஒரே க்யூவில் விழுந்தன. சுங்கச்சாவடியில் 16 பாதை இருந்தும், எந்த ஊர் வண்டி என்று பார்த்துப் பாதை பிரித்தால், ஒரே ஊர் லாரிகளெல்லாம் ஒரு பாதையில் நிற்கும் அல்லவா, அந்தக் கதை.

டிரைவர் எழுதியவர்கள் இப்படி வைத்ததற்கும் நியாயம் உண்டு. பெரிய யூடிபி டேட்டாகிராம் துண்டானால் முதல் துண்டில் மட்டும்தான் போர்ட் எண் இருக்கும். போர்ட்டையும் சேர்த்து ஹாஷ் போட்டால் ஒரே டேட்டாகிராமின் துண்டுகள் வேறுவேறு க்யூவுக்குப் போய் வரிசை குலையும். 200 பைட் குரல் பாக்கெட் எந்தக் காலத்திலும் துண்டாகப்போவதில்லை. எனவே ஈத்டூலில் ஆர்எக்ஸ்-ஃப்ளோ-ஹாஷ் அமைப்பில், யூடிபி-4க்கு எஸ்-டி-எஃப்-என் என்று நான்கு எழுத்தையும் கொடுத்தோம். முதல் இரண்டும் ஐபி முகவரிகள், பின்னிரண்டும் போர்ட்டுகள். ஒரே ஒரு வரி. சும்மா கிடந்த கோர்களெல்லாம் எழுந்து வேலை பார்க்க ஆரம்பித்தன. கார்டின் மிஸ்டு எண் அசையாமல் நின்றது.

‘ஐஆர்க்யூ-பேலன்ஸ் ஓடவிட்டாலே சரியாகியிருக்குமே’ என்று கீழே யாராவது எழுதுவார்கள். ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒரே க்யூவின் இன்டரப்டை அது இந்தக் கோரிலிருந்து அந்தக் கோருக்குத் தள்ளும், அவ்வளவுதான். ‘ரிங்கை 512லிருந்து 4096 ஆக்கினால்?’ திடீரென்று மொத்தமாக வரும் பாக்கெட்டுகளுக்கு உதவும். நிரந்தரமாக வரவு செலவைவிட அதிகமாக இருந்தால் விழுவது சில மில்லி வினாடி தள்ளிப்போகும்.

கான்ட்ராக் விஷயமும் உண்டு. ரிலே சர்வரில் ஃபயர்வால் விதிக்காக கனெக்‌ஷன் ட்ராக்கிங் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு குரல் பாக்கெட்டுக்கும் ஒரு டேபிள் தேடல், யாருக்கும் பயனில்லாமல். ஆர்டிபி போர்ட் வரம்புக்கு ரா டேபிளில் நோ-ட்ராக் போட்டதும் அதுவும் குறைந்தது.

இதற்குப் பிறகுதான், கால்கள் இன்னும் கூடியபோது, நீங்கள் கேட்கும் அந்த எல்லை உண்மையாகவே வலிக்க ஆரம்பித்தது. இப்போது சுமை அப்ளிகேஷன் பக்கம். எல்லோரும் உடனே சொல்வது ஆர்இசிவி-எம்-எம்எஸ்ஜி: ஒரே சிஸ்டம் காலில் பல பாக்கெட்டை அள்ளலாம், லினக்ஸ் 2.6.33 முதலே இருக்கிறது. அனுப்புவதற்கான ஜோடி 3.0இல் வந்தது. நல்ல கருவிதான். எங்கள் ரிலேவில் உதவாது. ஒவ்வொரு காலுக்கும் தனி போர்ட், தனி சாக்கெட். ஒரு சாக்கெட்டில் 20 மில்லி வினாடிக்கு ஒரு பாக்கெட்தான் வரும். 64 அள்ளுகிறேன் என்று கை நீட்டினால் ஒன்றுதான் கிடைக்கும். எந்த நுட்பம் பொருந்தும் என்பது பாக்கெட்டுகள் எத்தனை சாக்கெட்டில் பரவியிருக்கின்றன என்பதைப் பொறுத்தது. இதை ஒரு ஸ்லைடிலும் நான் பார்த்ததில்லை.

நாங்கள் செய்தது வேறு. ரிலே செய்யும் வேலையில் பெரும்பகுதி, ஒரு போர்ட்டில் வந்ததை முகவரி மாற்றி இன்னொரு பக்கம் தள்ளுவது. கால் அமையும்வரை அப்ளிகேஷன் பார்த்துக்கொள்ளட்டும். அமைந்ததும் ‘இந்த போர்ட்டில் வந்தால் அங்கே அனுப்பு’ என்று கர்னலுக்குள் ஒரு டேபிளில் எழுதிவிட்டால் அப்புறம் பாக்கெட் மேலே ஏறவே வேண்டாம். ஓப்பன் சோர்ஸில் ஆர்டிபி-என்ஜின் இதைத் தன் கர்னல் மாட்யூல் மூலம் செய்கிறது. இபிபிஎஃப் (கர்னலுக்குள் சின்ன நிரல் ஏற்றும் வசதி) தெரிந்தவர்கள், பாக்கெட் வந்ததுமே அந்த நிரலை ஓட்டும் எக்ஸ்டிபியிலும் செய்யலாம். ரெக்கார்டிங் வேண்டிய கால், கோடெக் மாற்ற வேண்டிய கால் மட்டும் பழைய வழியில் அப்ளிகேஷனுக்குப் போகும். அவை எங்களிடம் குறைவு. உங்களிடம் அதுதான் பெரும்பான்மை என்றால் இந்த வழி உங்களுக்குச் சரிப்படாது.

டிபிடிகேவில் எழுதும் திட்டம் அதோடு கைவிடப்பட்டது. சந்தோஷம்தானே என்பீர்கள். அந்த வருட அப்ரைசலில் எங்கள் வேலை ‘கன்ஃபிகரேஷன் சேஞ்ச்’ என்ற தலைப்பில் போனது. ‘இம்பாக்ட்’ என்ற கட்டத்தில் நடுத்தரம். மாற்றி எழுதும் திட்டம் நடந்திருந்தால் ஒரு பெரிய டீம், ஒரு பெரிய பெயர், இரண்டு பேருக்காவது பதவி உயர்வு. ஒரு வரியில் முடித்தால் ஒரு வரிக்கான மரியாதைதான். அந்த ஒரு வரியைப் போட அனுமதி கிடைத்ததும் நள்ளிரவு 1 மணிக்கு. கம்பெனி கேப் 11 மணியோடு நின்றுவிடும், ஆட்டோ காசுக்கு பில் கேட்பார்கள். ஆட்டோக்காரர் எங்கே பில் கொடுக்கிறார்? இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் லாக் அல்லது டெலிமெட்ரி சேகரிப்பதாக ஊகிக்கிறேன்: ஒரே போர்ட், ஒரே சாக்கெட், ஏகப்பட்ட சின்ன பாக்கெட். அப்படியென்றால் ஆர்இசிவி-எம்-எம்எஸ்ஜி உங்களுக்காகவே செய்தது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அதில் கொடுக்கும் டைம்-அவுட், ஒவ்வொரு பாக்கெட் வந்தபிறகுதான் சரிபார்க்கப்படும். கேட்ட எண்ணிக்கை நிறைவதற்குள் பாக்கெட் வருவது நின்றுபோனால் சிஸ்டம் கால் திரும்பாமல் நிற்கும். மேன்-பேஜிலேயே பிழை என்று எழுதியிருக்கிறார்கள். வெயிட்-ஃபார்-ஒன் கொடியைப் பயன்படுத்துங்கள். சாக்கெட் பஃபர் பல இடங்களில் 212,992 பைட்டாக இருக்கும். அதில் 200 பைட் பாக்கெட் ஆயிரம் கொள்ளும் என்று வகுத்துப் பார்க்காதீர்கள். பாக்கெட்டைச் சுமக்கும் எஸ்கே-பஃபின் எடையையும் சேர்த்துத்தான் கர்னல் கணக்கு வைக்கும், சில நூறுதான் கொள்ளும். அடுத்ததாக ரீயூஸ்-போர்ட் (ஒரே போர்ட்டைப் பல சாக்கெட் பகிரும் அமைப்பு, லினக்ஸ் 3.9 முதல் இருக்கிறது) போட்டு, கோருக்கு ஒரு சாக்கெட் திறக்கலாம். இங்கேயும் ஹாஷ்தான் பிரிக்கும். அனுப்புகிறவர் ஒரே முகவரி, ஒரே போர்ட்டிலிருந்து அனுப்பினால் எத்தனை சாக்கெட் திறந்தாலும் ஒன்றில்தான் விழும்.

சிஸ்டம் காலே கூடாது என்று நினைப்பவர்களுக்கு நெட்மேப்பை நினைவுபடுத்துகிறேன். பாக்கெட்டுகளை வேகமாகக் கையாள பீசா பல்கலைக்கழகத்தின் லூய்ஜி ரிஸ்ஸோ உருவாக்கி, 2012இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டது. 900 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஒற்றைக் கோரில் அந்த 1.488 கோடியை எட்டிக் காட்டினார், சிஸ்டம் காலை வைத்துக்கொண்டே. பஃபர்களை முன்கூட்டியே ஒதுக்கி, அப்ளிகேஷனும் கர்னலும் ஒரே மெமரியைப் பகிர்ந்து, ஒரு சிஸ்டம் காலில் பாக்கெட்டுகளின் ஒரு கூட்டத்தையே ஒப்படைத்தார். பாக்கெட்டுக்கு ஒரு சிஸ்டம் கால் என்பதுதான் விலையை ஏற்றுகிறது.

இதையெல்லாம் செய்தும் போதவில்லை என்றால் 2018இல் லினக்ஸ் 4.18இல் வந்த ஏஎஃப்-எக்ஸ்டிபியைப் பாருங்கள். அதுவும் பகிர்ந்த மெமரி, ரிங் என்ற அதே வழிதான். கார்டு கர்னலின் கையிலேயே இருக்கும், ஈத்டூல் வேலை செய்யும். டிபிடிகேவுக்குக் கார்டை முழுசாக ஒப்படைத்தால் டிசிபி-டம்ப்கூட அந்த இன்டர்ஃபேஸைப் பார்க்காது, ஏஆர்பிக்கும் (‘இந்த ஐபி யாருடையது?’ என்று நெட்வொர்க்கில் வரும் கேள்வி) நீங்களே பதில் சொல்ல வேண்டும், பாக்கெட் வராத நேரத்திலும் ஒரு கோர் நூறு சதவீதம் ஓடும். ஏஎஃப்-எக்ஸ்டிபியில் இரண்டு விஷயம் சறுக்கும். டிரைவர் ஆதரவு இல்லாவிட்டால் ஜீரோ-காப்பி கிடைக்காது, காப்பி செய்துதான் தரும். சாக்கெட் கார்டின் ஒரு க்யூவோடு மட்டும் கட்டப்படும், வேறு க்யூவில் விழுந்த பாக்கெட் அதற்குத் தெரியாது. ஆகவே ஆர்எஸ்எஸ் எப்படிப் பிரிக்கிறது என்று தெரியாமல் அங்கே போயும் பலனில்லை.

நெருக்கடி நேரத்தில் ஒரு நிமிட இடைவெளி விட்டு எடுத்த இரண்டு ஈத்டூல் பட்டியல், அதே நேரத்து சாஃப்ட்நெட்-ஸ்டாட், நெட்ஸ்டாட்டின் யூடிபி பகுதி, இவற்றைக் கேள்வியில் சேருங்கள். கம்பெனி ஐபி முகவரிகளை அழித்துவிட்டுப் போடுங்கள். கர்னல் பதிப்பையும் எழுதுங்கள், கார்டின் டிரைவர் பெயரையும்.