கடல் வற்றும் நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்

கேள்வி: ஜூன் பள்ளி விடுமுறைக்குத் திருச்சியிலிருந்து என் அத்தை வந்திருக்கிறார். அவருக்கு வயது 68. என் பிள்ளைகளுக்கு 6, 10. ஒரே நாளில் புலாவ் உபின், ஹவ் பார் வில்லா, இரவில் ஒரு கேளிக்கைச் சந்தை என்று மூன்றையும் பார்த்துவிடலாமா? கார் இல்லை. கையைக் கடிக்காத செலவாகவும் இருக்க வேண்டும்.
– வாசகி, பிடோக், சிங்கப்பூர்

பதில்: வேண்டாம் அம்மா. உபின் தீவு வடகிழக்கு மூலை, ஹவ் பார் வில்லா தென்மேற்கு. பாதி நாள் ரயிலிலேயே போய்விடும். அத்தைக்குக் கால்வலிதான் மிஞ்சும். மூன்றையும் தனித்தனி நாளில் வையுங்கள். அதில் உபின் போகும் தேதியை நீங்கள் முடிவு செய்ய முடியாது, கடல்தான் முடிவு செய்யும்.

உபினின் கிழக்கு முனையில் இருக்கும் செக் ஜாவா சதுப்புக் கரைக்குப் போய், "வெறும் தண்ணீர்தானே இருக்கிறது" என்று திரும்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் போனது கடல் ஏறியிருந்த வேளை. நீர்மட்டம் 0.5 மீட்டருக்குக் கீழே இறங்கினால்தான் கடற்புல் திடல் வெளியே வரும். ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த நண்டுகள், சேற்றில் துள்ளி நடக்கும் மீன்கள், அதிர்ஷ்டம் இருந்தால் நட்சத்திர மீன் என்று பலகைப் பாதையில் நின்றபடியே பார்க்கலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கடல் நன்றாக வற்றும். ஆனால் ஒரு சிக்கல்: ஆண்டின் நடுப்பகுதியில் மிகத் தாழ்ந்த வற்று பெரும்பாலும் விடியற்காலையில் வரும், செக் ஜாவா திறப்பதோ காலை 8.30க்கு. ஆகவே ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறி இறங்கும் நேரப் பட்டியலைப் பார்த்து, ஒன்பது, பத்து மணி வாக்கில் தாழ் ஓதம் விழும் நாளைத் தேர்ந்தெடுங்கள். காலை ஏழு மணிக்கே சாங்கியில் இருப்பது போலக் கிளம்ப வேண்டும்.

தானா மேரா ரயில் நிலையத்திலிருந்து 2ஆம் எண் பஸ் சாங்கி வில்லேஜ் வரை போகும். உணவங்காடி நிலையத்தில் பசியாறிவிட்டு, பக்கத்திலேயே இருக்கும் படகுத்துறைக்கு நடந்துவிடலாம். 12 பேர் சேர்ந்ததும் படகு புறப்படும். தலைக்கு 4 வெள்ளி (டாலர்), ரொக்கமாகக் கொடுக்க வேண்டும். ஜூன் மாதத்தில் விடியலிலிருந்து முற்பகல் வரை சுமத்ரா சூறைக்காற்று வந்து போவதுண்டு. வானம் கறுத்திருந்தால் இன்னொரு கோப்பை தே தாரே (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) குடித்துக் காத்திருங்கள், ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும்.

உபின் துறையிலிருந்து செக் ஜாவா ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். அத்தை நடக்க வேண்டாம், வேன் பேசிக்கொள்ளுங்கள். திரும்பி வர அழைத்துப்போகும் நேரத்தையும் அப்போதே சொல்லிவிடுங்கள். பலகைப் பாதை ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், மேடு பள்ளம் கிடையாது. 20 மீட்டர் உயர ஜெஜாவி கோபுரத்தில் பிள்ளைகள் ஏறட்டும், அத்தை கீழே நிழலில் இருக்கட்டும். பார்வையாளர் நிலையமாக இருக்கும் 1930களின் ஆங்கிலப் பாணி வீட்டில் குளிர்காயும் கணப்பு ஒன்று உண்டு. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் எவருக்குக் குளிர்ந்ததோ! உள்ளே சாப்பாட்டுக் கடை இல்லை. தின்பண்டத்தைப் பிளாஸ்டிக் பையில் தூக்கிக்கொண்டும் நடக்காதீர்கள். குரங்கும் காட்டுப்பன்றியும் அந்தச் சரசரப்பை நன்றாக அறியும்.

இந்தக் கரையே இல்லாமல் போயிருக்கும். நிலமீட்புக்கு ஒதுக்கப்பட்ட இடம் இது. 2001இல் இயற்கை ஆர்வலர்கள் குரல் கொடுத்ததால் அத்திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. பத்து வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள்.

உபினின் மேற்குப் பக்கம் ஜெர்மன் பெண் கோயில் இருக்கிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் ஓடித் தப்பும்போது கற்குழியில் விழுந்து இறந்ததாகச் சொல்லப்படும் பெண்ணுக்கு எழுப்பியது. பீடத்தில் ஒரு பார்பி பொம்மை; காணிக்கை வாசனைத் திரவியமும் ஒப்பனைப் பொருளும். பூவாடைக்காரிக்குச் சேலையும் வளையலும் வைப்பதைப் பார்த்த கண்ணுக்கு இது புதிதாக இருக்காது. ஆனால் செக் ஜாவாவுக்கு நேர் எதிர்த்திசை; ஒரே பயணத்தில் இரண்டையும் சேர்க்காதீர்கள்.

ஹவ் பார் வில்லா எளிது. வட்ட ரயில் பாதையில் அதே பெயரில் நிலையம் இருக்கிறது. 1937இல் டைகர் பாம் தைலம் விற்ற பணத்தில் எழுந்த தோட்டம், ஆயிரத்துக்கு மேற்பட்ட சிலைகள், நுழைவு இலவசம். நிழல் குறைவு, நான்கு மணிக்கு மேல் போங்கள். நரகத் தண்டனைகளைச் சிலைகளாகக் காட்டும் 'நரகத்தின் பத்து மன்றங்கள்' பகுதிக்கு மட்டும் தனி டிக்கெட். எண்ணெய்க் கொப்பரை கதை கேட்டு வளர்ந்த அத்தை ரசிப்பார். ஆறு வயதுப் பிள்ளை இரவில் உங்களைத் தூங்கவிடாது. அந்தத் தோட்டத்தில் இருந்த மாளிகை ஒரு காலத்தில் கடலைப் பார்த்து நின்றது. அந்த வட்டாரத்தின் பெயரான பாசிர் பாஞ்சாங் என்றால் மலாய் மொழியில் நீண்ட மணல் என்றுதான் பொருள். இன்று அங்கே கொள்கலன் துறைமுகம்.

கேளிக்கைச் சந்தை இருக்கவே இருக்கிறது, வார நாள் இரவில் போங்கள். வளையம் எறியும் கடையில் மட்டும் கவனம்: வளையம் புட்டியின் கழுத்தைவிடச் சற்றே பெரியது, பட்டால் எகிறிவிடும். ஆளுக்கு இவ்வளவு வெள்ளி என்று பிள்ளைகளின் கையிலேயே கொடுத்துவிடுங்கள், தீர்ந்தால் வீடு. அந்த வாரம் எங்கும் சந்தை இல்லையென்றால் ஃபேரர் பார்க் பக்கம் நடந்து, 1923இல் தொடங்கிய நியூ வேர்ல்ட் கேளிக்கைப் பூங்காவின் பழைய வாயிலைக் காட்டுங்கள். அங்கிருந்து லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தை கூப்பிடு தூரம், அத்தைக்கு மல்லிகைப்பூவும் வாங்கிவிடலாம்.