வாங்கும் புத்தகங்கள் பாதியிலேயே நின்றுவிடுகின்றன. பொருளுள்ள நூல்களைத் தேர்ந்தெடுப்பதும் தொடர்ந்து வாசிப்பதும் எப்படி?

‘கட்டாயம் படிக்க வேண்டிய நூறு நூல்கள்’ போன்ற பட்டியல்களை முதலில் ஓரமாக வையுங்கள். அவற்றில் நல்ல நூல்கள் இருக்கும். ஆனால் உங்கள் மனத்தை இப்போது அரித்துக்கொண்டிருக்கும் கேள்வி என்னவென்று பட்டியல் போட்டவருக்குத் தெரியாது. அந்தக் கேள்வியைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எங்கள் வீட்டில் மூத்தவர் ஒருவருக்கு மறதி நோய் வந்தது. காலையில் பேசியது மாலையில் நினைவில்லை. சிறுவயதுச் சம்பவங்கள் மட்டும் அப்படியே இருந்தன. ‘பழையது நிற்கிறது, புதியது ஏன் நிற்கவில்லை?’ என்ற கேள்வி என்னை விடவில்லை. மூளையைப் பற்றிய நூல்களை அதற்கு முன் நான் தொட்டதே இல்லை. அந்தக் கேள்வியோடு உட்கார்ந்தபோது, கடினமான அத்தியாயங்களைக்கூட இரண்டு முறை படித்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். புத்தகத்தில் அந்தச் சோற்றை நடுவிலிருந்து எடுங்கள். முதல் பக்கத்தை எல்லோரும் மெருகேற்றித்தான் எழுதுவார்கள். 140ஆம் பக்கத்திலும் ஆசிரியருக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, கடைசியில் உள்ள சொல்லடைவை, அதாவது எந்தச் சொல் எந்தப் பக்கங்களில் வருகிறது என்ற பட்டியலை, புரட்டுங்கள். நினைவாற்றல் பற்றியது என்று அட்டை சொன்ன ஒரு நூலில், ‘மறதி’க்கு நேரே இரண்டு பக்க எண்கள் இருந்தன, ‘தூக்கம்’ என்ற சொல்லுக்கு நேரே எண்கள் இரண்டு வரிகளுக்கு நீண்டன. நூல் உண்மையில் எதைப் பற்றியது என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. கதை, கவிதைக்கு இந்தச் சோதனை உதவாது. அங்கே நடை உங்களை இழுக்கிறதா என்பதை மட்டும் நம்பலாம்.

பழக்கத்துக்கு வருவோம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010இல் ஓர் ஆய்விதழில் வெளியானது. உணவு, உடற்பயிற்சி போன்ற அன்றாடச் செயல்களைத்தான் அவர்கள் பார்த்தார்கள். ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலையை எட்ட ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள்வரை ஆகும் என்பது அவர்கள் கணக்கு. எனவே, 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று பலர் சொல்வதை நம்பி, வரவில்லையே என்று சோர்ந்துபோகாதீர்கள். ஒரு நாள் தவறியது பழக்கத்தைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது. ஒரு நாள் விட்டுப்போனதற்காக வாசிப்பையே கைவிடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நாளுக்கு இத்தனை பக்கம் என்று இலக்கு வைப்பதைவிட, ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு வாசிப்பைச் சேர்த்துவிடுங்கள். படுக்கை விரித்தவுடன் என்றால் தினமும் படுக்கை விரித்தவுடன்தான். கைபேசி அடுத்த அறையில் இருக்கட்டும்.

படித்தது நினைவில் நிற்க, 16ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கட்டுரையாளர் மொந்தேன் செய்ததைச் செய்யலாம். முன்பே படித்துக் குறிப்பெழுதிய நூலையே புதிது என்று நினைத்து மீண்டும் கையில் எடுக்கும் அளவுக்கு அவருக்கு மறதி இருந்தது. அதனால் நூலின் கடைசியில், படித்து முடித்த காலத்தையும் அதைப் பற்றிய தன் கருத்தையும் எழுதிவைக்கத் தொடங்கினார்.

பாதியில் விட்ட நூல்களுக்கும் இதையே செய்யுங்கள்: எந்தப் பக்கத்தில் விட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்று ஒரே வரி. ஒரே காரணம் மூன்று நூல்களில் திரும்ப வந்தால், அந்த வகை நூல்களை வாங்குவதைக் கொஞ்ச காலம் நிறுத்திவிடலாம்.