முட்டுச்சந்தைத் திறக்கப் போகிறார்கள்: ஆட்சேபணை மனுவில் என்ன எழுதுவது?

கேள்வி: எங்கள் தெரு முட்டுச்சந்து. அதன் கடைசியில் உள்ள காலி இடத்தின் வழியாகச் சாலையை 300 மீட்டர் நீட்டி, அடுத்த பகுதியின் பெரிய சாலையோடு இணைக்கப்போவதாக அறிவிப்பு வந்திருக்கிறது. ஆட்சேபணை சொல்ல 30 நாள் கொடுத்திருக்கிறார்கள். 140 வீடுகளிலும் கையெழுத்து வாங்கத் தொடங்கிவிட்டோம். இது போதுமா? இப்போதே எங்களை 'வளர்ச்சிக்கு எதிரிகள்' என்கிறார்கள்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: போதாது. 140 பேர் கையெழுத்திட்ட ஒரே மனுவை ஒரே ஆட்சேபணையாகக் கணக்கில் எடுத்து, ஒரே வரியில் பதில் எழுதி முடித்துவிட முடியும். கையெழுத்து இருக்கட்டும், ஆனால் முதல் வாரத்தை அதில் செலவழிக்காதீர்கள். அந்த வாரத்தில் திட்டத்தின் கோப்பைக் கையில் வாங்குங்கள்.

எழுத்துப்பூர்வமாகக் கேட்க வேண்டியவை: தரைமட்ட அளவுகளோடு கூடிய சாலை வரைபடம், போக்குவரத்து ஆய்வு, பரிசீலித்துக் கைவிட்ட மாற்று வழிகளின் விவரம், வடிகால் திட்டம். கடிதம் கொடுத்ததற்கு முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். ஆவணம் வரத் தாமதமானால், கெடு முடிவதற்குள் அவகாசம் கேட்டு இன்னொரு கடிதம் கொடுங்கள். விவகாரம் பிறகு மேல்முறையீட்டுக்கோ நீதிமன்றத்துக்கோ போனால், 'கேட்டோம், தரவில்லை' என்பதற்கு அந்த இரண்டு தாள்தான் சாட்சி. இந்தச் சாலை பழைய நகரத் திட்ட வரைபடத்தில் புள்ளிக்கோடாக ஏற்கெனவே இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் 'திடீரென்று கொண்டுவந்துவிட்டார்கள்' என்ற வாதம் நிற்காது. கோடு போட்ட பிறகு அந்தப் பகுதியில் என்னென்ன மாறியிருக்கிறது என்பதைத்தான் எழுத வேண்டியிருக்கும்.

ஆய்வறிக்கை கைக்கு வந்ததும் நேராக வளர்ச்சி விகிதத்துக்குப் போங்கள். இன்று 1,000 வண்டி என்றால், ஆண்டுக்கு 2 சதவீத வளர்ச்சியில் 20 ஆண்டு கழித்து ஏறக்குறைய 1,490. அதுவே 5 சதவீதம் என்று போட்டால் 2,650. சாலை தேவையா இல்லையா என்பதே இந்த ஒற்றை எண்ணில் தொங்கிக்கொண்டிருக்கலாம். அந்த விகிதம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். எந்த நாளில் வண்டிகளை எண்ணினார்கள், அன்று பள்ளி நடந்ததா, பக்கத்தில் ஏதாவது சாலை மூடியிருந்ததா என்றும் பாருங்கள். 'இந்தச் சாலை போடாவிட்டால் என்ன ஆகும்' என்ற ஒப்பீடு அறிக்கையில் இல்லையென்றால், அந்தக் குறையைத் தனிப் பத்தியாகவே எழுதுங்கள்.

அடுத்து நீங்களே எண்ணுங்கள். வாரநடுவில், விடுமுறை இல்லாத இரண்டு நாட்களில், காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம். 15 நிமிடத்துக்கு ஒரு வரி. இருசக்கர வண்டி, கார், பேருந்து, லாரி என்று தனித்தனிக் கட்டம். எல்லோரும் செய்யும் தவறு, தங்கள் தெருவில் மட்டும் எண்ணுவது. முட்டுச்சந்தில் வருவதெல்லாம் உங்கள் வண்டிகள்தானே! சத்தக் கணக்குக்கு அந்த எண் பயன்படும். சாலை தேவையா என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது. இப்போது மக்கள் சுற்றிப் போகும் வழியின் இரண்டு முனைகளிலும் ஆள் நிறுத்தி, வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கம், வண்டி வகை, நேரம் மூன்றையும் குறியுங்கள். அந்த வழியைக் கடக்க வழக்கமாக 6 நிமிடம் ஆகும் என்றால், 10 நிமிடத்துக்குள் மறுமுனையில் தென்பட்டவை மட்டுமே நேராகக் கடந்துபோனவை. புதிய குறுக்குவழியால் நேரம் மிச்சமாகக்கூடியவை முக்கியமாக அவைதான். அறிக்கை சொல்வதைவிட அந்த எண் குறைவாக இருந்தால், உங்கள் கையில் இருக்கும் வலுவான ஆவணம் அதுவே. ஒப்பிட்டு முடித்ததும் வண்டி எண்களை அழித்துவிடுங்கள். கூட்டுத்தொகை மட்டும் போதும்.

'புதுச் சாலை போட்டால் புது வண்டிகள் பெருகும்' என்பதைச் சிலர் மனுவின் தலைப்பிலேயே வைப்பார்கள். உண்மைதான், 1994-லேயே பிரிட்டன் அரசு அமைத்த ஆலோசனைக் குழு ஒன்று இதை ஒப்புக்கொண்டது. ஆனால் அது பெரும்பாலும் பெரிய சாலைகளைப் பற்றிய வாதம். 300 மீட்டர் இணைப்புக்கு வேறு சாலையிலிருந்து திரும்பி வரும் வண்டிகள்தான் பிரச்சினை. அவை போய்ச் சேரும் சந்திப்பைப் பாருங்கள். அங்குள்ள சிக்னல் ஏற்கெனவே திணறினால், வரிசை இடம் மாறுமே தவிரக் குறையாது. 'முதல் கட்டம் மட்டும் போடுகிறோம்' என்ற சமரசத்துக்கும் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். டொரன்டோவில் ஸ்படைனா விரைவுச்சாலையை மக்கள் எதிர்ப்பால் 1971-ல் நிறுத்தினார்கள். அதற்குள் வேலை தொடங்கியிருந்த பகுதி எக்லிண்டன் அவென்யூவில் போய் முடிகிறது. இன்றும் அந்த முனையில் நெரிசல்தான்.

சத்தத்தையும் எண்ணில் சொல்லுங்கள். வண்டிகள் இரட்டிப்பானால் 3 டெசிபல் கூடும், பத்து மடங்கானால் 10 டெசிபல். பத்து கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். சாலைச் சத்தத்தின் 24 மணி நேரச் சராசரி, இரவுச் சத்தத்துக்குக் கூடுதல் எடை போட்டுக் கணக்கிட்டதில், 53 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2018-ல் தந்த பரிந்துரை. வடிகாலுக்கும் கணக்கு உண்டு: 300 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம் என்றால் 3,600 சதுர மீட்டர். அதன்மேல் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,80,000 லிட்டர். இதுவரை மண் குடித்த தண்ணீரில் பெரும்பகுதி இனி எந்தக் குழாயில், எந்த வீட்டு வாசலில் போய் நிற்கும் என்று வரைபடத்தைக் காட்டிக் கேளுங்கள்.

'வீட்டு மதிப்பு குறையும்', 'வெளியாட்கள் வருவார்கள்' இரண்டையும் எழுதவே எழுதாதீர்கள். அந்த இரண்டு வரிதான் உங்களுக்கு 'வளர்ச்சிக்கு எதிரி' பட்டம் வாங்கித் தருகிறது. நிலம் பறிபோகிறவர்கள் யாராவது இருந்தால், அவர்கள் தனியாகத் தங்கள் பெயரில் மனு கொடுக்க வேண்டும். அவர்களின் உரிமையும் இழப்பீடும் வேறு கணக்கு. சங்கத்தின் மனு அதற்குப் பாதுகாப்பாகாது.

அந்தப் பட்டத்துக்குச் சரியான பதில், மாற்று யோசனையோடு போவதுதான். அதே இடத்தில் நடக்கவும் சைக்கிளுக்குமான பாதை, நடுவில் கழற்றக்கூடிய தடுப்புக்கம்பம். 'ஆம்புலன்ஸ் எப்படி வரும், தீயணைப்பு வண்டி எப்படி வரும்' என்று கட்டாயம் கேட்பார்கள். தடையில்லாமல் சுமார் 4 மீட்டர் அகலம் விட்டு, கம்பத்தின் சாவி ஆம்புலன்ஸ், தீயணைப்புக் குழுவினரிடமும் இருக்கும்படி வரைந்து கொடுங்கள். ஆவணத்தில் அது 'பாதை' என்றே பதிவாக வேண்டும்; 'சாலை' என்று பதிவானால் என்றாவது ஒருநாள் கம்பம் மட்டும் காணாமல் போகும்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நாற்பது பேர் ஒன்றையே சொல்லாமல், ஆறு பேர் ஆளுக்கொரு பொருளாகப் பிரித்துக்கொண்டு மூன்று நிமிடம் பேசுங்கள். ஒவ்வொருவரும் ஒரு கேள்வியில் முடித்து, அதைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள்.

ஒருவேளை நீங்கள் எடுத்த எண்ணிக்கையே சாலை தேவை என்று காட்டினால்? அதை மறைக்காதீர்கள், கூட்டத்தில் யாராவது அதே கணக்கை எடுத்து வைத்தால் மற்ற வாதங்களும் சேர்ந்து சரியும். அப்போது கேட்க வேண்டியது நிபந்தனைகள்: 30 கிலோமீட்டர் வேக வரம்பு, வேகத்தடைகள், கனரக வண்டிகளைத் தடுக்கும் உயரத் தடுப்பு, இருபுறமும் நடைபாதை. எல்லாமே சாலை திறப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும் என்பது ஒப்புதல் ஆணையிலேயே எழுதப்படட்டும். 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று வாயால் சொல்வதை ஏற்காதீர்கள்.