கார் கேள்வி–பதில்: பாதியில் நிற்கும் ஜாகுவார் எக்ஸ்.கே.120

கேள்வி: பர்மிங்காமில், மறுசீரமைப்பு பாதியில் நின்றுபோன 1952-ஆம் ஆண்டு ஜாகுவார் எக்ஸ்.கே.120 ரோட்ஸ்டர் (திறந்த கூரை ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று விலைக்கு வருகிறது. பெயின்ட் முடிந்துவிட்டது. என்ஜின் நான்கு வருடமாக வண்டியில் ஏற்றாமல், தனி ஸ்டாண்டில் இருக்கிறது. மற்றவை பெட்டிகளில். வாங்கலாமா?

பதில்: முதலில் எண்களைப் பாருங்கள். காரின் தகட்டில் சேசிஸ் (அடிச்சட்டம்), என்ஜின், பாடி, கியர்பாக்ஸ் எண்கள் நான்கும் இருக்கும். என்ஜின் எண், சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கிலும் அதன் மேல்மூடியான ஹெட்டிலும் பொறிக்கப்பட்டிருக்கும். மூன்று இடங்களிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ரோட்ஸ்டரில் 66 என்று தொடங்கும் சேசிஸ் எண் வலப்பக்க ஸ்டீயரிங்குக்கானது, 67 இடப்பக்கத்துக்கானது. 67-இல் தொடங்கும் வண்டியில் ஸ்டீயரிங் வலப்பக்கம் இருந்தால் பிறகு மாற்றியிருக்கிறார்கள். விலையில் அது தெரிய வேண்டும்.

அடுத்து, பெயின்ட் பளபளப்பில் மயங்காதீர்கள். கதவு, பானெட், டிக்கி, பம்பர், கண்ணாடித் தூண் எல்லாவற்றையும் பெயின்ட்டுக்கு முன்பே ஒருமுறை பூட்டிப் பார்த்தார்களா, புகைப்படம் உண்டா என்று கேளுங்கள். இந்த வண்டியின் பேனல்கள் கையால் இழைத்துப் பொருத்தப்பட்டவை. ஒரு வண்டியின் கதவு இன்னொன்றில் அப்படியே உட்காராது. பாடியைச் சேசிஸில் ஏற்றி, என்ஜின், கியர்பாக்ஸ் எடையும் விழுந்த பிறகுதான் கதவு இடைவெளி நிலைக்கும். அதற்குள் பெயின்ட் அடித்திருந்தால், கடைசியில் ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடு) வைத்தும் சரிவராமல் மறுபடி டிங்கரிங், மறுபடி பெயின்ட். குரோம் பாகங்களுக்கும் இதே விதிதான்: பூட்டிப் பார்த்து வளைவைத் திருத்திய பிறகே முலாம். முலாம் ஏறியபின் வளைத்தால் உரியும்.

பெட்டிகளை எடைபோட்டு வாங்காமல், பாகப் பட்டியலோடு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். இரட்டை எஸ்.யு. கார்புரேட்டரோடு குளிர் ஸ்டார்ட்டுக்கான துணைக் கார்புரேட்டரும் இருக்கிறதா? அதைத்தான் அதிகம் தொலைக்கிறார்கள்.

கேள்வி: அந்த என்ஜினை நேராக ஸ்டார்ட் செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது. ஆறு பிளக்கையும் கழற்றி, சிலிண்டருக்கு 5 முதல் 10 மில்லி என்ஜின் ஆயில் விட்டு ஒருநாள் வையுங்கள். பிறகு கிராங்க்ஷாஃப்ட் (பிஸ்டன்களோடு சேர்ந்து சுழலும் தண்டு) முனையில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுழற்றுங்கள். இறுகினால் நிறுத்திவிடுங்கள், செல்ஃப் மோட்டாரால் வலுக்கட்டாயமாகச் சுழற்றினால் பிஸ்டன் ரிங் உடையும். லேசாகச் சுழன்றால் புது ஆயில், புது ஃபில்டர் போட்டு, பிளக் இல்லாமலேயே, இக்னிஷனைத் துண்டித்து, செல்ஃபைச் சிறுசிறு தவணையாக இயக்குங்கள். மீட்டரில் ஆயில் பிரஷர் ஏறிய பிறகே பிளக் மாட்டலாம். பேரிங்கில் ஆயில் படலம் இல்லாமல் ஓடும் முதல் நொடிகள்தான் என்ஜினைக் கெடுக்கின்றன.

ஹெட்டைத் திறக்க நேர்ந்தால் ஒரு எச்சரிக்கை. கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) பூட்டிய ஹெட்டை முகம் கவிழ்த்து மேசையில் வைத்தால் திறந்திருக்கும் வால்வுகள் வளையும். செயினிலிருந்து விடுபட்ட நிலையில் கேம்ஷாஃப்ட்டைச் சுழற்றினால் இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் மோதிக்கொள்ளும். ஜாகுவாரில் முதல் சிலிண்டர் என்ஜினின் பின் முனையில், ஓட்டுநர் இருக்கையை நோக்கி இருக்கும். ஃபயரிங் வரிசை, அதாவது சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை, 1-5-3-6-2-4. முன்னாலிருந்து எண்ணி பிளக் ஒயர் மாட்டிவிட்டு, கார்புரேட்டரைக் குறைசொல்பவர்கள் நிறைய.

ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றாதீர்கள். பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். அரிப்புத் தடுக்கும் கூலன்ட் இல்லையென்றால் ஹெட்டின் நீர்வழிகள்தான் முதலில் தின்னப்படும்.

கேள்வி: பேட்டரி?

பதில்: 6 வோல்ட் இரண்டு, தொடராக, சீட்டுக்குப் பின்னால். பாடியோடு சேர்வது பாசிட்டிவ் முனை. பழக்கத்தில் நெகட்டிவை மாட்டினால், எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டிருந்தால் அது உடனே போய்விடும்.