ஒரு பம்ப், இரண்டு கன்: நாசிலைப் பாருங்கள்

வணக்கம் அண்ணே. பட்டர்வொர்த் கார் வாஷில் 200 பார், நிமிடத்துக்கு 15 லிட்டர் தரும் உயர் அழுத்தத் தண்ணீர் மெஷினில் T வடிவ இணைப்பு போட்டு இரண்டு கன் (தண்ணீர் பீச்சும் கைப்பிடி) மாட்டியதும் அழுத்தம் படுத்துவிட்டது என்றீர்கள். பம்பில் கோளாறு இல்லை. அதே 15 லிட்டர்தான் இரண்டாகப் பிரிகிறது. நாசில் (கன் முனையில் தண்ணீர் பீச்சும் துளை) இரண்டும் பழைய அளவு என்றால் சுமார் 50 பாருக்கு இறங்கிவிடும். இப்போது 04 எண் நாசில் இருந்தால் இரண்டிலும் அதில் பாதியான 02 போடுங்கள். அழுத்தம் திரும்பும். தண்ணீர் என்னவோ ஆளுக்குப் பாதிதான், சேறு கழுவ நேரமாகும்.

அப்புறம் அன்லோடர், அதாவது கன்னுக்குப் போகாத தண்ணீரைத் திருப்பிவிடும் வால்வு. ஒருவர் டிரிகரை விட்டதும் மிச்சத் தண்ணீர் பைபாஸ் ஆக, அதாவது வேறு வழியில் திரும்ப வேண்டும். ஓட்டத்தை வைத்து இயங்கும் வகை இதற்குச் சரிவராது. அழுத்தத்தை வைத்துத் திறக்கும் வகை வாங்குங்கள். பைபாஸ் ஹோஸை பம்பின் தண்ணீர் நுழைவாய்க்கே திருப்பாமல் தொட்டியில் விடுங்கள். ஜெலுத்தோங்கில் என் பழைய பம்பின் சீல் வெந்தது அப்படி நுழைவாய்க்கே திருப்பி, அதே தண்ணீர் சுற்றிச் சூடானதால்தான்; கை வைக்க முடியாத சூடு.