31 பாடல்களும் ஒரே குறுவட்டும்

2023இல் வெளிவந்த இண்டி (சுயாதீன இசைப் பாணி) பாடல்களில் தங்களுக்குப் பிடித்த 31ஐ நண்பரின் காருக்காகக் குறுவட்டில் பதிய முயன்றதாகவும், இடம் போதவில்லை, ஒலியளவும் பாட்டுக்குப் பாட்டு ஏறி இறங்குகிறது என்றும் எழுதியிருந்தீர்கள்.

ஆடியோ சிடி 80 நிமிடம்தான் கொள்ளும். எம்பி3 கோப்பு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பதியும்போது அது சுருக்கப்படாத ஒலியாக விரிந்துவிடுவதால், நான்கு நிமிடப் பாடல்கள் 20க்கு மேல் அடங்கா. பாடகி மிட்ஸ்கி, பாய்ஜீனியஸ் இசைக்குழு இரண்டுக்கும் மும்மூன்று பாடல்கள் வைத்திருக்கிறீர்கள், ஒவ்வொன்று போதும், குறைப்பதை அங்கே தொடங்குங்கள். (மனம் வராதுதான்.)

ஒலியளவுதான் உண்மையான தலைவலி. ஸ்பாட்டிஃபை எல்லாப் பாடல்களையும் ஏறத்தாழ -14 எல்யூஎஃப்எஸ் (காது உணரும் உரப்பை அளக்கும் அலகு) அளவுக்குச் சமன் செய்து தருவதால் அங்கே தெரியாத வேறுபாடு, வட்டில் அப்படியே வெளிப்படுகிறது. ஒருமுறை நான் முணுமுணுப்பாக ஒலிக்கும் கிதார் பாட்டை அடுத்து டிரம்ஸ் அதிரும் பாட்டை வைத்திருந்தேன். முன்னதற்காக ஒலியைக் கூட்டிய நண்பர், பின்னது தொடங்கியதும் பதறி வண்டியை ஓரங்கட்டினார். உச்ச அளவை மட்டும் பார்த்துச் சமன் செய்யும் வசதி இதற்கு உதவாது. காது சராசரி உரப்பையே உணர்கிறது. ஃபூபார்2000 மென்பொருளில் ரீப்ளேகெயின் (ஒவ்வொரு பாட்டின் உரப்பையும் சமனாக்கத் தேவையான திருத்த அளவு) கணக்கிட்டு, அதைக் கோப்பிலேயே ஏற்றி மாற்றிய பிறகு பதியுங்கள்.